ஃப்ரெடி குரூகரை மறுபடி பார்ப்பதென்றால் எந்தப் படம்?

பள்ளிக்கூட வயதில் பார்த்துப் பயந்த படத்தை நாற்பதை நெருங்கும்போது மறுபடி போட்டுப் பார்க்க ஒரு தயக்கம் இருக்கத்தான் செய்கிறது. அன்றைக்கு நம்மைப் பயமுறுத்தியது படமா, நம் வயதா? கனவில் வந்து கொல்லும் ஃப்ரெடி குரூகரை அறிமுகப்படுத்திய, 1984இல் வெளியான ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ விஷயத்தில் இந்தத் தயக்கத்தோடு ஒரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. எதைப் பார்ப்பது? முதல் படம் இருக்கிறது. 1985 முதல் 1991 வரை வந்த ஐந்து தொடர்ச்சிகள் இருக்கின்றன. 1994இல் முதல் படத்தின் இயக்குநர் வெஸ் கிரேவனே திரும்பி வந்து எடுத்த ‘நியூ நைட்மேர்’, 2003இல் ‘ஃப்ரெடி வெர்சஸ் ஜேசன்’, 2010இல் வந்த ரீமேக் என்று மொத்தம் ஒன்பது. எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்க நேரம் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. ஒரு வாரக்கடைசி, இரண்டு இரவு, அதிகம் போனால் இரண்டு படம் என்று இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கதை முன்பே தெரிந்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள் என்பதால் முடிவுகளை ஒளிக்கவில்லை.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் நாள் 1984 படம், மறுநாள் ‘நியூ நைட்மேர்’. இடையில் வந்தவற்றைத் தாண்டிப் போய்விடலாம். மூன்றாவது படத்துக்கு மட்டும் தனியாக ஓர் இடம் உண்டு, அதற்கு வருகிறேன்.

முதல் படத்தின் விதை ஒரு செய்தித்தாளில் கிடைத்தது. தென்கிழக்காசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு அகதிகளாக வந்த இளைஞர்கள் சிலர், தூங்கவே பயந்து, கடைசியில் தூக்கத்திலேயே செத்துப்போனதைப் பற்றி ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ எழுதியிருந்தது. அதைப் படித்த கிரேவனுக்குக் கதையின் அடிப்படை கிடைத்துவிட்டது. கனவில் ஒருவன் கொன்றால் நிஜத்தில் சாவு. இதைவிட எளிமையான, இதைவிடத் தப்பிக்க வழியில்லாத விதியை வேறெந்த ஸ்லாஷர் படமும் (கொலைகாரன் ஒருவன் ஆட்களை ஒவ்வொருவராகக் கொல்லும் திகில் படம்) கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. மற்றப் படங்களில் ‘அந்தக் காட்டுக்கு ஏன் போனார்கள், அந்த வீட்டுக்குள் ஏன் நுழைந்தார்கள்’ என்று கேட்கலாம். இங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லை. தூங்காமல் யார் இருக்க முடியும்?

சுமார் 11 லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட படம் இது. அந்தக் காலத்துக்கும் சின்னப் பணம்தான். அந்தக் குறைச்சலே இன்று படத்தைக் காப்பாற்றி நிற்கிறது. நாயகி நான்சியின் தோழி டினா சாகும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் கிடக்கும் பெண் காற்றில் தூக்கப்படுகிறாள், சுவரில் இழுபடுகிறாள், கூரையில் ஊர்ந்தபடி ரத்தக்கோடு போடுகிறாள். கட்டிலருகே நிற்கும் காதலன் ராடுக்குக் கொலைகாரன் தெரிவதே இல்லை, அவள் மட்டும்தான் தெரிகிறாள். முழு அறையையும் சுழலும்படி கட்டி, கேமராவை அந்த அறையோடே பொருத்திவிட்டார்கள். அறை சுற்றும்போது கேமராவும் கூடவே சுற்றும். அதனால் நம் கண்ணுக்கு அறை அசையாமல் நிற்க, பெண் மட்டும் மேலே போகிறாள். அதே அறையை அலங்காரம் மாற்றி, தலைகீழாகத் திருப்பி, ரத்தத்தைக் கொட்டித்தான் ஜானி டெப் நடித்த, நான்சியின் காதலன் கிளென்னின் சாவையும் எடுத்தார்கள். டெப்புக்கு அதுதான் முதல் படம். கட்டிலின் நடுவே அவனை விழுங்கிய பள்ளத்திலிருந்து ரத்தம் கூரைக்குப் பீறிடுகிறது. நிஜத்தில் அது கீழ்நோக்கிக் கொட்டியது. எடை உள்ள பொருள் எடையோடு விழுவதை எடுத்ததால்தான் நாற்பது வருஷம் கழித்தும் அந்தக் காட்சி வயிற்றைப் பிசைகிறது.

நான்சி தூங்கும்போது தலைமாட்டுச் சுவர் மெல்ல உப்பி, ஒரு முகமும் இரண்டு கைகளும் வெளியே வருமே, அதுவும் அப்படித்தான். சுவருக்குப் பதில் இழுபடும் ஸ்பாண்டெக்ஸ் துணியைக் கட்டி, பின்னாலிருந்து ஒரு மனிதர் சாய்ந்திருக்கிறார், அவ்வளவே. கணினி வேலை கிடையாது, சத்தம்கூட அதிகம் இல்லை. பதின்வயதில் பார்த்தபோது ஃப்ரெடியின் கையுறையில் இருக்கும் கத்திவிரல்களை ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். இப்போது பார்த்தால் அந்தச் சுவர்தான் மனதைவிட்டுப் போக மறுக்கிறது.

ஃப்ரெடியைத் திரையில் எவ்வளவு குறைவாகக் காட்டுகிறார்கள் என்பதும் இப்போதுதான் தெரியும். ராபர்ட் இங்லண்ட் வரும் நேரத்தை எல்லாம் கூட்டினாலும் பத்து நிமிஷம் தேறாது. பெயர்ப்பட்டியலில்கூட ‘ஃப்ரெட் குரூகர்’ என்றுதான் போடுகிறார்கள். நாம் செல்லமாகக் கூப்பிடப் பழகிய அந்த நகைச்சுவைக்காரன் இன்னும் பிறக்கவில்லை. இருட்டில் பாதி முகம், சிவப்பும் பச்சையுமாக ஒரு ஸ்வெட்டர், குழாயில் கத்தி உரசும் ஓசை. அந்த இரண்டு நிறங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கக் கண் சிரமப்படும் என்று எங்கோ படித்துவிட்டு, கிரேவன் வேண்டுமென்றே பொறுக்கிய நிறங்கள் அவை.

இத்தனையும் கைத்திறன். நான் முதல் படத்தை முதலில் வைப்பதற்குக் காரணம் வேறு. இந்தப் படம் பெற்றோர்களைப் பற்றியது.

சின்ன வயதில் அந்தப் பெரியவர்கள் நமக்குத் தடைகள், அவ்வளவுதான். சொன்னால் நம்பமாட்டார்கள், வெளியே விடமாட்டார்கள். இப்போது பாருங்கள். குழந்தைகளைக் கொன்ற குரூகரைப் போலீஸ் பிடித்தது. தேடுதல் வாரண்டில் கையெழுத்து சரியான இடத்தில் இல்லாததால் கோர்ட் அவனை விட்டுவிட்டது. ஊர்ப் பெற்றோர் ஒன்று சேர்ந்து அவனை எரித்துவிட்டு, பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வாழ்ந்திருக்கிறார்கள். நான்சியின் அம்மா மார்ஜ் அந்தக் கத்திக் கையுறையை நிலவறை அடுப்புக்குள் துணியில் சுற்றி ஒளித்து வைத்திருக்கிறாள். மறதிக்கு அவளுக்குக் கிடைத்த மருந்து வோட்கா. அப்பா டொனால்ட் போலீஸ் அதிகாரி. டினாவைக் கொன்றதாகச் சந்தேகிக்கப்படும் ராடைப் பிடிக்கத் தன் மகளையே, அவளுக்குத் தெரியாமல், தூண்டிலாக வைக்கிறார். மகள் அதைக் கண்டுபிடித்து முகத்துக்கு நேரே கேட்கும்போது அவரிடம் பதில் இல்லை.

எல்லாவற்றையும்விடக் கொடுமையானது ஒரு சின்னக் காட்சி. எதிர்வீட்டில் கிளென் தூங்கிவிடக் கூடாது என்று நான்சி போன் செய்கிறாள். எடுப்பது கிளென்னின் அப்பா. இந்தப் பெண்ணின் சகவாசமே வேண்டாம் என்று அவருக்கு. அவன் தூங்குகிறான் என்று சொல்லி வைத்துவிடுகிறார், அத்தோடு விடாமல் ரிசீவரை எடுத்துக் கீழே போட்டுவிடுகிறார். பிள்ளைகளிடம் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது அவர் நியாயம். மாடியில் பையனுக்கு இன்னும் சில நிமிஷம்தான் உயிர். அந்த அப்பா கெட்டவர் இல்லை. எந்த வீட்டிலும் எந்த இரவிலும் நடக்கக்கூடிய ஒரு கண்டிப்பைத்தான் காட்டினார். பிள்ளை வளர்ப்பவர்கள் யாராலும் இந்த இடத்தை லேசாகக் கடக்க முடியாது. பதினாறு வயதில் இதைக் கவனித்தேனா என்று கேட்டால், இல்லை, அதற்கு அடுத்து வரும் ரத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

படத்தில் பழசாகிப் போனவையும் உண்டு. மார்ஜைக் கதவின் சின்னக் கண்ணாடி வழியே உள்ளே இழுக்கும் கடைசி நொடியில் பொம்மை பொம்மையாகவே தெரிகிறது. ஃப்ரெடிக்கு முதுகைக் காட்டி, ‘நான் கொடுத்த பலத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்’ என்று நான்சி நிற்பதோடு படம் உள்ளுக்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பின் வரும் அதிர்ச்சி, தயாரிப்பாளர் ராபர்ட் ஷே அடுத்த படத்துக்கு வழி திறந்திருக்க வேண்டும் என்று கேட்டதால் ஒட்டவைத்தது. கிரேவனுக்கு அதில் மனசில்லை, படத்திலும் அது தெரிகிறது. ஒஹாயோவில் நடக்கும் கதை என்கிறார்கள், தெருவில் கலிஃபோர்னியாவின் பனைமரங்கள் நிற்கின்றன. இதெல்லாம் படத்தைக் கீழே இறக்கவில்லை. மார்ஜாக நடித்த ரோனி பிளேக்லியின் தளர்ந்த, கொஞ்சம் செயற்கையான பேச்சைப் பலர் குறை சொல்வார்கள். அதில் நான் உடன்பட மாட்டேன். சதா போதையில் இருந்துகொண்டு ஒரு கொலையை மூடி மறைக்கும் பெண் வேறெப்படிப் பேசுவாள்?

இனி ‘நியூ நைட்மேர்’. பத்து வருஷம் கழித்து கிரேவன் செய்தது துணிச்சலான காரியம். நான்சியாக நடித்த ஹெதர் லாங்கன்காம்ப் இதில் ஹெதர் லாங்கன்காம்ப்பாகவே வருகிறார். இங்லண்ட், ஷே, நான்சியின் அப்பாவாக நடித்த ஜான் சாக்ஸன், கிரேவன் எல்லோரும் அவரவராகவே வருகிறார்கள். கதை என்னவென்றால், ஆதியிலிருந்து இருக்கும் ஒரு தீமையை ஃப்ரெடி கதைகள் பிடித்து அடைத்து வைத்திருந்தன. கதைகள் நின்றதும் அது வெளியே வந்துவிட்டது. அதை அடைக்க ஹெதர் கடைசியாக ஒருமுறை நான்சியாக வேண்டும். இரண்டு வருஷத்துக்குப் பிறகு ‘ஸ்க்ரீம்’ படத்தில் கிரேவன் பெரிய வெற்றியாக ஆக்கிக்காட்டிய, திகில் படமே திகில் படங்களைப் பற்றிப் பேசும் விளையாட்டின் முதல் வடிவம் இங்கேதான் இருக்கிறது. அன்றைக்குக் கூட்டம் வரவில்லை. அமெரிக்காவில் 1.8 கோடி டாலர் அளவிலேயே நின்றுவிட்டது.

முதல் படத்துக்கு அடுத்த நாளே இதைப் பார்க்கச் சொல்வது அந்த விளையாட்டுக்காக அல்ல. நேற்று அம்மா சொன்னதை நம்ப முடியாமல் தவித்த பெண், இன்று தானே அம்மா. அவளுடைய சின்ன மகன் டிலன் தூக்கத்தில் நடக்கிறான், பாட்டுப் பாடுகிறான், விரல்களில் கத்திகளைக் கட்டிக்கொள்கிறான். மகனுக்கு உண்மையைச் சொல்வதா, மறைப்பதா என்று அவளும் திண்டாடுகிறாள். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அவளைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார். ‘உங்கள் படங்களை அவனுக்குக் காட்டினீர்களா?’ என்பதுதான் அந்தக் கேள்விகளின் சாரம். மார்ஜ் இருந்த இடத்தில் இப்போது நான்சி நிற்கிறாள். படங்களை வருஷக்கணக்கில் இடைவெளி விட்டுப் பார்த்தால் இது மங்கிப்போகும். அடுத்தடுத்த இரவில் பார்த்தால் நெஞ்சில் நேராக இறங்குகிறது.

1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் நார்த்ரிட்ஜ் பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. கதையில் நிலநடுக்கங்கள் முன்பே எழுதப்பட்டிருந்தன. படப்பிடிப்பு நடக்கும்போதே நிஜம் வந்து சேர்ந்தது. இடிந்த கட்டடங்களையும் பிளந்த சாலைகளையும் கிரேவன் போய்ப் படமெடுத்துச் சேர்த்துக்கொண்டார். நிஜமும் கதையும் கலப்பதைப் பற்றிய படத்துக்குள் நிஜமே புகுந்த இடம் அது.

குறை சொல்வதென்றால் நீளம். முதல் படம் 91 நிமிஷம், இது 112. கடைசி அரைமணி நேரத்தில் பாதாளம், தூண்கள், தீ என்று செட் போட்டதும் பயம் குறைந்துவிடுகிறது. ஃப்ரெடியின் புதிய முகமும் நீளக்கோட்டும் பழைய அழுக்கு ஸ்வெட்டரின் அருவருப்பைத் தரவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு நெடுஞ்சாலைக் காட்சி இருக்கிறது. வண்டிகள் பறக்கும் எட்டு வழிச் சாலையைச் சின்னப்பையன் தூக்கக் கலக்கத்தில் கடந்து போகிறான், அம்மா பின்னால் ஓடுகிறாள். அந்தக் காட்சிக்காக மற்றதைப் பொறுத்துக்கொள்வேன்.

மூன்றாவது படமான ‘ட்ரீம் வாரியர்ஸ்’, 1987. ரசிகர்களைக் கேட்டால் பாதிப் பேர் இதைத்தான் முதலில் சொல்வார்கள், காரணமும் இருக்கிறது. சக் ரஸல் இயக்கம், திரைக்கதையில் கிரேவனோடு ஃப்ராங்க் டாரபான்ட் பெயரும் உண்டு, பட்ரீஷியா ஆர்க்வெட்டும் இளம் லாரன்ஸ் ஃபிஷ்பர்னும் நடித்திருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர்கள் என்று முத்திரை குத்தி மனநல விடுதியில் அடைத்த பிள்ளைகள், கனவுக்குள் ஒன்றாகப் போய்ச் சண்டை போடுகிறார்கள். பொம்மை செய்யும் ஒரு பையனின் கை கால் நரம்புகளையே உருவி நூலாக்கி, ஃப்ரெடி அவனைப் பொம்மலாட்டம் ஆட்டிக்கொண்டு கோபுரத்து விளிம்புக்கு நடத்திப் போவான். தொடரிலேயே சிறந்த கற்பனை அது என்று தயங்காமல் சொல்வேன். நண்பர்கள் நாலைந்து பேர் கூடி, பேசிக்கொண்டே, கைதட்டிக்கொண்டே பார்ப்பதென்றால் இந்தப் படம்தான் வேண்டும். மற்ற இரண்டும் அதற்குத் தோது இல்லை, பேச்சுச் சத்தத்தில் செத்துப்போகும்.

தனியாக உட்கார்ந்து, அந்தப் பழைய பயம் இன்னும் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க நினைப்பவருக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஃப்ரெடி வசனம் பேசிச் சிரிக்கவைக்கத் தொடங்குவது இங்கேதான். படம் நன்றாக ஓடியது, அமெரிக்காவில் நான்கரைக் கோடி டாலரை நெருங்கியது. அதன்பின் வந்த நான்காம், ஐந்தாம், ஆறாம் படங்களில் அவன் கொலைக்கு ஒரு ஜோக் சொல்லும் ஆளாகவே மாறிவிட்டான். குழந்தைகளைக் கொன்ற ஒருவனுக்குக் கைதட்டல் விழ ஆரம்பித்த அந்தத் திருப்பம் எனக்கு இன்றும் ஒப்பவில்லை. அந்த மூன்று படங்களையும் இந்தத் தேர்வில் சேர்க்காததற்கு அதுவே போதும். ஃப்ரெடியும், ‘ஃப்ரைடே தி 13த்’ தொடரின் கொலைகாரன் ஜேசனும் மோதும் 2003 படம் கேளிக்கை, அதைக் கேளிக்கையாகவே விட்டுவிடலாம். 1985இன் இரண்டாம் பாகம் அப்படி ஒதுக்கத்தக்கதல்ல. கனவு விதிகளை அது காற்றில் விட்டது உண்மைதான். ஆனால் தன் உடம்புக்குள் இன்னொருவன் இருப்பதாகப் பயப்படும் ஜெஸ்ஸியின் கதையைத் தன்பாலீர்ப்பை மறைத்து வாழும் இளைஞனின் கதையாக இன்று பலர் வாசிக்கிறார்கள். மார்க் பேட்டனின் நடிப்பை அந்தக் கண்ணோடு பார்த்தால் படம் வேறாகத் தெரியும். இந்த வாரக்கடைசிக்கு அல்ல, இன்னொரு நாளைக்கு.

2010 ரீமேக்கை எங்கே வைப்பது? ‘ஒரே படம்தான், புதிய ஒளிப்பதிவில், இன்றைய வேகத்தில் வேண்டும்’ என்பவர்கள் இதைத்தான் கைநீட்டி எடுப்பார்கள். சாமுவேல் பேயர் இயக்கம், ஃப்ரெடியாக ஜாக்கி ஏர்ல் ஹேலி, நான்சியாக ரூனி மாரா. மூன்றரைக் கோடி டாலர் செலவு. வசூலில் தோற்ற படமும் அல்ல, உலக அளவில் 11 கோடிக்கு மேல் எடுத்தது. சுவரிலிருந்து ஃப்ரெடி வரும் காட்சி இதிலும் உண்டு, கணினியில் செய்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். துணி இழுபடும்போது நம் கண் அதன் இழுவையை உணர்கிறது. கணினிச் சுவரில் அந்த இழுவை இல்லை, பிளாஸ்டிக் உருகுகிற மாதிரி இருக்கிறது.

ரீமேக் இரண்டு நல்ல யோசனைகளைக் கொண்டுவந்தது, அதை மறுக்கக் கூடாது. பல நாள் தூங்காமல் இருந்தால் மூளை விழித்திருக்கும்போதே சில நொடிகள் தூங்கிவிடும் என்பது ஒன்று. நான்சி மருந்துக்கடையில் நடந்துகொண்டிருக்கும்போதே அலமாரிகள் ஃப்ரெடியின் கொதிகலன் அறையாகி மறுபடி அலமாரிகளாகும் காட்சி அதனால் வந்தது, நன்றாகவும் வந்தது. இன்னொன்று, குரூகர் ஒருவேளை நிரபராதியோ என்று பிள்ளைகளுக்கு வரும் சந்தேகம். தங்கள் பெற்றோர் தப்பான ஆளை எரித்துவிட்டார்களோ? முதல் படம் தொடாத கதவு அது. திறந்திருந்தால் பெற்றோர்களைப் பற்றிய கதை இன்னும் ஆழமாகப் போயிருக்கும். படம் அந்தக் கதவருகே போய் நின்று, புகைப்பட ஆதாரத்தைக் காட்டி, அவன் குற்றவாளிதான் என்று மூடிவிடுகிறது. அதற்குப் பிறகு மிச்சமிருப்பது பழைய காட்சிகளின் நகல்தான். முதல் படத்தைப் பார்த்தவர் ரீமேக்கில் புதிதாக அடைவது அந்த மருந்துக்கடைக் காட்சி ஒன்றே என்பேன். முதல் படத்தைப் பார்க்காதவர் இதிலிருந்து தொடங்கினால், இந்தத் தொடரில் என்ன இருக்கிறது என்று இத்தனை பேர் பேசுகிறார்கள் என்றே புரியாமல் போகும்.

எப்படிப் பார்ப்பது என்பதும் தேர்வின் ஒரு பகுதிதான். முதல் படத்துக்கு 2024இல், நாற்பதாம் ஆண்டையொட்டி, 4கே வட்டு வந்தது. தணிக்கைக்காக வெட்டிய சில நொடிகளைச் சேர்த்த பதிப்பும் அதில் உண்டு. அந்த நொடிகளுக்காக மெனக்கெட வேண்டாம், இருட்டு இருட்டாகவே தெரியும் நல்ல பிரதி கிடைப்பதுதான் லாபம். அந்தக் காலத்து கேசட்டுகளில் கொதிகலன் அறைக் காட்சி முழுக்கச் சாம்பல் நிறக் குழம்பாகத்தான் தெரிந்தது. வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, ஹெட்போன் போட்டுக்கொண்டால் சார்ல்ஸ் பெர்ன்ஸ்டீனின் இசைக்கு அடியில் ஓடும் சின்னச் சின்ன ஓசைகள் கேட்கும். ‘நியூ நைட்மேர்’ இவ்வளவு ஏற்பாடு கேட்காது, சாதாரணமாகப் பார்த்தாலே போதும்.

வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: டினா சாகும் காட்சி உண்மையிலேயே கடுமையானது, பதினேழு வயதுக்குக் கீழே நான் காட்ட மாட்டேன். அதற்கு மேல் என்றால் ரீமேக்கையோ ‘ட்ரீம் வாரியர்ஸை’யோ போடாமல் 1984 படத்தையே போடுவேன், கூடவும் உட்காருவேன். மார்ஜும் மற்றவர்களும் குரூகரை எரித்தது சரியா, அதைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்தது சரியா என்று படம் முடிந்ததும் பேச்சு வரும். அதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும், அதனால் படத்தை ஒன்பது மணிக்கே தொடங்கிவிடுங்கள்.